கொடி ஏறாத குழந்தை

அந்தப் பண்ணை வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் முற்றத்துக் கம்பத்தில் கொடி ஏறும். டென்மார்க்கில், ஜூட்லாந்தின் தெற்குக் கோடியில் கொடி ஏற்றாத வீடு ஏது? ஆனால் இந்த வீட்டில் அதற்கு ஒரு முறை இருந்தது. அப்பா உயிரோடு இருந்தவரை கொடியும் கையுமாகக் கம்பத்தடியில் காத்து நிற்பார். மாடியிலிருந்து குழந்தையின் முதல் அழுகை காதில் விழுந்ததும் கயிற்றை இழுப்பார். மூத்த மகள் குட்ருன் பிறந்தபோது ஏறியது. தம்பி ப்ரெபென் பிறந்தபோது ஏறியது. பிறகு குட்ருனின் நாலு பிள்ளைகளுக்கும் ஏறியது. பண்ணை இப்போது குட்ருன் கையில். கொடியும் அவள் கையில்தான்.

ப்ரெபெனும் அவன் மனைவி தோவெயும் பொலிவியாவில் ஓர் அனாதை இல்லத்திலிருந்து ஒன்பது மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கம்பம் மொட்டையாகவே நின்றது.

"கொடி பொறந்த பிள்ளைக்கு. இவ எங்கயோ பொறந்து ஒம்பது மாசமாச்சு. இப்ப ஏத்தினா ஊர் சிரிக்காதா?" என்றாள் குட்ருன்.

பன்னிரண்டு வருடம் பிள்ளைக்கு ஏங்கியவளுக்கு இந்தப் பேச்சின் உள்ளர்த்தம் புரியாதா என்ன? தோவெ பல்லைக் கடித்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவளுக்கு இருந்தது. குழந்தை மாரிசோல் அழவே மாட்டாள்.

அந்த இல்லத்துக் கூடத்தில் நாற்பது தொட்டில்கள். தோவெ உள்ளே நுழைந்தபோது முக்கால்வாசிக் குழந்தைகள் விழித்துத்தான் கிடந்தன. ஒரு சத்தம் இல்லை. பார்த்துக்கொள்ள இரண்டே பெண்கள். பாவம், அவர்களும் எத்தனை பேருக்குத்தான் ஓடுவார்கள்? அழுதால் ஆள் வராது என்று தெரிந்துபோய் குழந்தைகள் அழுவதையே விட்டுவிட்டிருந்தன. திரும்பி வரும் விமானத்தில் பக்கத்து வரிசைக் குழந்தை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. மாரிசோலோ நனைந்த துணியோடு, பசியோடு, கண்ணைத் திறந்தபடி பேசாமல் கிடந்தாள். "என்ன சமத்து!" என்று பணிப்பெண் கன்னத்தைத் தட்டினாள். தோவெக்கு அது சமத்தாகத் தெரியவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். ஊர் வழக்கப்படி மற்றப் பிள்ளைகளைப்போல இவளையும் வெளிக்காற்றில் தள்ளுவண்டியில் தூங்கவைத்தார்கள். மற்றவை விழித்தால் தெருவே அதிரும். இவள் விழித்தால் இலையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே போவாள், தபால்காரரிடம்கூட. தபால்காரரிடம் போன அன்றைக்கே தோவெ முடிவெடுத்தாள்: இனி தானும் ப்ரெபெனும் தவிர யாரும் இவளைத் தூக்கக் கூடாது. கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று இந்தப் பிள்ளைக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை குட்ருன் உறவையெல்லாம் காப்பிக்கு அழைத்தாள். மேசையில் ஊர் முறைப்படி மெத்தென்று ஏழு வகைக் கேக், மொறுமொறுவென்று ஏழு வகைப் பிஸ்கட். குறை சொல்ல முடியாது. தோவெ குழந்தையோடு உள்ளே வந்ததுமே குட்ருன் கையை நீட்டினாள்.

"குடு இங்க."

"இல்ல குட்ருன். இப்போதைக்கு யார்கிட்டயும் குடுக்கிறதில்ல."

"நான் என்ன பூச்சாண்டியா?"

"விடேன், நீ பெத்த நாலுல ஒண்ணாவது உன் பக்கத்துல நிக்குதா?" என்றார் தோர்வால் மாமா, வாய் நிறைய கேக்கோடு. சிரிப்பு எழுந்தது. குட்ருனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பெத்தவளுக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு?"

சிரிப்பு நின்றது. ப்ரெபென் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா முன்னால் அவன் என்றைக்கு வாயைத் திறந்திருக்கிறான்!

"நான் பெக்கலதான்," என்றாள் தோவெ. "ஆனா அம்மா நான்தான். அதுல உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?"

கேட்டதோடு தோவெ எழுந்தாள். மாரிசோலை ஆப்பிள் மரத்தடியில் வண்டியில் தூங்கவைத்துவிட்டு, பால் சூடாக்கச் சமையலறைக்குப் போனாள். பால்புட்டியோடு திரும்பி வந்தால் வண்டி காலி!

உள்ளே ஓடினாள். குட்ருன் குழந்தையைத் தூக்கிவந்து மேசையைச் சுற்றி விட்டிருந்தாள். மாரிசோல் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தாள், ஒவ்வொருவரையும் பார்த்து அதே சிரிப்போடு.

"பாருங்க, தங்கம்! எல்லார்கிட்டயும் போறா. இவதான் சும்மா பண்றா," என்று குட்ருன் குழந்தையைத் திரும்ப வாங்கித் தோளில் சாய்த்தாள்.

தோவெக்கு ரத்தம் கொதித்தது. அந்த நேரம் பார்த்து மாரிசோல் வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். தோவெயைக் கண்டாள். சிரிப்பு மறைந்தது. கீழுதடு பிதுங்கியது. இரண்டு கைகளையும் நீட்டினாள். அடுத்த நொடி கத்தினாள் பாருங்கள், அடேயப்பா! முற்றத்து நாய் பதிலுக்குக் குரைத்தது. தோர்வால் மாமா காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"ஷ்ஷ்! மூணே வாரத்துல பிள்ளையக் கெடுத்து வச்சிருக்கா," என்று குட்ருன் ஒரு துண்டு கேக்கைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். "இந்தா, வாய மூடு."

தோவெ பிடுங்காத குறையாகக் குழந்தையை வாங்கினாள். அழுகை நிற்கவில்லை. இதுவரை அவள் கண்டிராத கண்ணீர் கழுத்தோரம் சூடாக இறங்கியது. தோவெயும் அழுதாள், சிரித்தாள், எது எதென்று அவளுக்கே தெரியவில்லை.

"மூட மாட்டா! கத்துடி என் கண்ணே, நல்லா கத்து! வந்துட்டேன் பாரு. எத்தன தடவ கூப்பிட்டாலும் வருவேன்!"

"சன்னலயாவது சாத்து, ஊரே கேக்குது!"

"கேக்கட்டும்!" சாத்தியிருந்த இன்னொரு சன்னலையும் தோவெ திறந்துவிட்டாள்.

ப்ரெபென் எழுந்தான். நடையில் இருந்த அலமாரியைத் திறந்து மடித்து வைத்த கொடியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினான்.

"டேய், அத எங்கடா கொண்டுபோற?" குட்ருன் சன்னலுக்கு ஓடினாள். "அது பொறக்குற பிள்ளைக்கு!"

ப்ரெபென் கயிற்றில் கொடியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். நாற்பது வருடத்தில் முதல்முறையாக அக்காவை நேருக்கு நேர் பார்த்தான்.

"இப்பத்தான் பொறந்திருக்கா. உன் காதுல விழலையா?"

கொடி ஏறியது. தோர்வால் மாமா ஈரச் சட்டையோடு எழுந்து நின்றார். ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்தார்கள். குட்ருன் மட்டும் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். உட்காரட்டுமே, அவளை யார் கேட்டது?

மாரிசோல் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.