பானெட்டில் விழுந்த கோடுகள்

கண்ணாடிக்காரருக்குக் கீறல் என்றாலே ஆகாது. இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர். மயிரிழைக் கோடு இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லிவிடுவார்: "காஞ்ச துணியால துடைக்காதீங்க. முதல்ல தண்ணியில கழுவுங்க. தூசியோட துடைச்சா அந்தத் தூசியே கோடு போட்டுடும்." கேட்காதவர்களுக்குத் திட்டும் விழும்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குப் புதுக் கார் வந்தால் என்ன பாடு படும்? இத்தனைக்கும் கார் அவருடையது இல்லை. அவர் மனைவி வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற நர்ஸ். எட்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து, கறுப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிய கார் அது. தோளில் கனத்த பை, வலிக்கிற முழங்கால், இரண்டு பஸ் மாறுகிற அலைச்சல் எல்லாவற்றுக்கும் அதோடு முழுக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தார், பாவம்.

வாங்கிய மறுநாளே கண்ணாடிக்காரர் உறை வாங்கிவிட்டார். மனைவி காரை நிறுத்தியதும் ஓடிப்போய் ஒரு துணியால் துடைத்து, உறையை இழுத்து மூடிவிட்டுத்தான் மறுவேலை. "சுவர் ஓரமா விடாத", "மரத்தடி வேணாம்", "பையை மேல வைக்காத" என்று வாய் ஓயாது. நர்ஸ் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். வலியில் நோயாளிகள் ஏசுவதையே சிரித்த முகமாகக் கேட்டுக்கொள்கிறவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை வெயிலில் பானெட் முழுக்க மெல்லிய கோடுகள் தெரிந்தன. கண்ணாடிக்காரர் மனைவியை வாசலுக்குக் கூப்பிட்டார். அக்கம்பக்கம் கேட்கிறதே என்றுகூடப் பார்க்காமல், "எங்க கொண்டுபோய் உரசின? ஓட்டத் தெரியலைன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே!" என்று கத்திவிட்டார். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

நர்ஸ் உள்ளே வந்து சாவியை ஆணியில் மாட்டினார். மறுநாள் பஸ்ஸில் போனார். அதற்கு மறுநாளும் பஸ்தான்.

நான்கு மாதம் ஓடிவிட்டது. கேட்டால், "பஸ்ஸே வசதியா இருக்குங்க" என்பார். சாயங்காலம் அவர் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு உறுத்தியது. கார் உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். கத்துவதற்கு அவ்வளவு சுலபமாக வந்த வாய், இதற்கு மட்டும் வரமாட்டேன் என்றது.

அப்போதுதான் ஃபிலிம் யோசனை வந்தது. பெயின்ட்டின் மேல் கண்ணாடிபோல ஒரு ஃபிலிம் ஒட்டிவிடுவார்களாம், சின்னச் சின்னக் கல் பட்டால்கூடத் தாங்குமாம். ஒட்டிவிட்டால் அவள் பயமில்லாமல் ஓட்டலாம், நாமும் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். விலையைக் கேட்டதும் பகீரென்றது. கார் விலையில் பத்தில் ஒரு பங்கு! இருந்தாலும் மன்னிப்புக் கேட்பதைவிட அது மலிவு என்று தோன்றியது. ஆண்பிள்ளைகளின் கணக்குக்கு விடை எப்போதும் இப்படித்தான் வரும்.

மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனார். ஃபிலிம் ஒட்டுகிற பெண் சோப்புத் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, டார்ச்சோடு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்தாள். ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழியில் வெளிச்சம் அடித்தாள்.

"தினம் திறக்கிற காருக்கு முதல்ல இங்கதான் சார் கீறல் விழும். நகம் படும், சாவி படும். இதுல ரெண்டே ரெண்டு கோடு. காரை யாருமே எடுக்கிறதில்லையா?"

"வீட்டுக்காரம்மாதான் ஓட்டுவா. இப்ப ஓட்டுறதில்ல."

"வீட்டுலயே நிக்கிற காருக்கு எதுக்கு சார் இவ்வளவு செலவு? கல்லு என்ன, நடந்து வந்து அடிக்குமா?"

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. பானெட்டைக் காட்டினார். "அப்ப இது? உரசினதுதானே?"

"உரசினா ஒரு பக்கமா, ஆழமா விழும். இது கூரையிலயும் இருக்கு பாருங்க. கூரையை எங்க சார் கொண்டுபோய் உரசுவாங்க?" அவள் சிரித்தாள். "உறை போடுறீங்களா?"

"ஓட்டின வரைக்கும் தினம்."

"கழுவிட்டா?"

"துணியால துடைச்சிட்டு."

"காஞ்ச துணியா?"

இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் ஓதிய பாடம். லென்ஸ் என்றால் ஞாபகம் வருகிறது, கார் என்றால் மறந்துவிடுகிறதா? அத்தனை கோட்டையும் ஒவ்வொரு நாளும் அவரே கைப்பட இழுத்திருக்கிறார். பழியை மட்டும் மனைவி தலையில் போட்டிருக்கிறார். வெட்கத்தில் காது சூடேறியது.

"நிறைய ஓட்ட ஆரம்பிச்சா முன்பக்கம் மட்டும் ஒட்டிக்கலாம் சார், அது போதும். இப்ப வேணும்னா இந்தக் குழிக்கு மட்டும் ஒரு துண்டு சும்மாவே ஒட்டித் தரேன்."

"வேணாம்மா," என்றார். "அங்க கீறல் விழணும்."

நேரே மனைவி வேலை முடிந்து வந்து இறங்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போய்க் காத்திருந்தார். மூன்றாவது பஸ்ஸில், கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார் நர்ஸ். கணவரையும் காரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னங்க, ஃபிலிம் ஒட்டியாச்சா?"

"இல்ல. அந்தக் கோடெல்லாம் நான் போட்டது. காஞ்ச துணியால துடைச்சு, தூசி மேலயே உறையை இழுத்து... நீ ஒண்ணும் பண்ணல. உன்னைப் பார்த்துக் கத்தினது தப்பு."

நர்ஸ் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அன்னிக்கு இவ்வளவு மெதுவாவா கத்தினீங்க?"

கண்ணாடிக்காரர், "நான்தான் போட்டேன்! என் தப்புதான்!" என்று உரக்கச் சொன்னார். நிறுத்தத்தில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"போதும், போதும். சாவியைக் கொடுங்க."

கொடுத்தார். நர்ஸ் சாவியைப் பிடித்த கையாலேயே கதவை இழுத்தார். குழிக்குள் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் குனிந்து பார்க்கவில்லை. மனைவியின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் போய் ஏறி உட்கார்ந்தார். பை இவ்வளவு கனம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.