அரைத் திருப்பு

பழைய வண்டி வாங்கி விற்பவனுக்குக் கண் இரண்டும் குறை காணத்தான் படைக்கப்பட்டவை. நாகப்பனுக்குக் கையும் அதற்குத் துணை போனது. ஒரகடம் கூட்டு ரோட்டில் டீக்கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் ஐந்தாறு வண்டிகள். நாற்பது வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிள் என்றால் சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து வாங்கிப் போக ஆசாமிகள் உண்டு. விற்க வருகிறவனுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்வதில்தான் தொழிலே இருக்கிறது.

அதற்கென்று அவனிடம் ஒரு வித்தை இருந்தது. பெட்ரோலைத் திறந்து மூடுகிற பித்தளைக் காக் டேங்கின் அடியில் இருக்கும். அதை டேங்கோடு பிடித்திருக்கும் நட்டை, குனிந்து பார்க்கிற சாக்கில், சின்ன ஸ்பானரால் அரைத் திருப்பு தளர்த்திவிடுவான். பிறகு டீ வரும், பன் வரும், பிள்ளைகுட்டிகளின் சௌக்கியம் விசாரிக்கப்படும். அதற்குள் வண்டி சொட்ட ஆரம்பித்திருக்கும். "இன்னாபா இது, ஒழுகுது. டேங்க்கே பூட்ச்சி போலகீதே" என்று அவன் நாக்கைச் சப்புக்கொட்டும்போது விற்பவன் முகம் விழுந்துவிடும், கூடவே விலையும். வண்டி கைக்கு வந்ததும் நட்டை இறுக்கிவிட்டால் முடிந்தது கதை. யாருக்கும் சேதமில்லை என்றுதான் இருபது வருஷமாக அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

பலராமன் விஷயத்தில் அந்த எண்ணம் உடைந்தது. அவன் ஒரு கம்பெனியில் லைன் ஆபரேட்டர். அப்பா ஓட்டிய வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு கிருத்திகை நாளில், காலை ஷிப்ட் முடிந்து வந்தவனை நாகப்பன் வழிமறித்து, பேச்சுக் கொடுத்து, நட்டையும் தளர்த்தினான். சொட்டியது. பலராமன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அப்பா வயசு வண்டிண்ணா. இந்த வயசுல மனுசனுக்கே ஒழுகுது, இது ஒழுகாதா? வுடு, நான் விக்கல."

அந்தப் பெட்ரோல் காக்கை மூடித் திறந்து பார்த்தான், ஸ்டார்ட்டரை உதைத்தான், போய்விட்டான். காக்குக்கு மேலே இருக்கும் கசிவு அதை மூடினால் நிற்காது என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஸ்பானர் நாகப்பன் சட்டைப் பையிலேயே இருந்தது. 'இருப்பா, இறுக்கித் தரேன்' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஒரு நிமிஷத்தில் சரியாகிற குறை என்று காட்டிக்கொடுத்துவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பேரம் பேசுவது? இரண்டு நாள் ஒழுகட்டும், மூன்றாம் நாள் தானாக வருவான் என்று விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் கூட்டு ரோட்டில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்தான் வந்தது. அதே வண்டியில் உட்கார்ந்துகொண்டு பலராமன் சிரித்துக்கொண்டிருந்தான். வண்டி சொட்டிய மறுநாள் விடியற்காலை ஷிப்டுக்குப் போகையில் வாலாஜாபாத் ரோட்டில் பெட்ரோல் தீர்ந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறான். பின்னால் வந்த ஒரு பஸ் அடித்துவிட்டது.

நாற்பது நாள் போனது. ஒரு காலையில் பலராமன் மனைவி சரோஜாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, வண்டிய ஸ்டேஷன்லேர்ந்து எடுத்தாச்சு. கொழுந்தன் ஓட்டறேன்னாரு. பெட்ரோல் ஊத்துனா ஒழுகுது. நீங்க அன்னிக்கே பாத்தீங்களாமே, ஒழுகுதுன்னு சொன்னீங்களாமே. வந்து சரி பண்ணிக் குடுங்க."

போகாமல் இருந்திருக்கலாம். கால் கேட்கவில்லை.

வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பலராமன் வீடு. வண்டி ஷீட் கொட்டகையில் நின்றது. ஹேண்டில்பார் கோணியிருந்தது. நாகப்பன் கீழே ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு, தலையை உள்ளே கொடுத்துப் பார்த்தான். நட்டு அவன் விட்ட இடத்திலேயே இருந்தது. போலீஸ் பார்த்தது, இன்ஷூரன்ஸ்காரன் பார்த்தான், ஒருவருக்கும் அந்த அரைத் திருப்பு கண்ணில் படவில்லை. இறுக்க இரண்டு விநாடி போதும். ஆனால் அவன் கார்புரேட்டரைத் துடைத்தான், குழாயைத் துடைத்தான், துடைத்ததையே மறுபடி துடைத்தான். அரை மணி நேரம் ஓடியது.

வாசற்படியில் பலராமனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மருமகள் டீ கொண்டுவந்து வைத்ததும் கிழவி காற்றைப் பார்த்துப் பேசினாள்.

"புருசன பங்க்குக்குப் போவ வுடாத மகராசி, இப்ப வண்டிக்கு வைத்தியம் பாக்குது."

சரோஜா நாகப்பனிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நெசந்தாண்ணா. பெட்ரோல் வாசனை வருது, பங்க்குக்குப் போயி போட்டுக்கினு வந்துடறேன்னாரு. நான்தான், கோயிலுக்கு நேரமாவுது, பங்க் எங்க ஓடிப்போவுது, காலைல போட்டுக்கோன்னேன்."

நாற்பது நாளாக இந்த வாக்கியத்தைத் தின்றே அவள் இளைத்திருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. நாகப்பன் எந்த வியாபாரத்தையும் பாதி விலையிலிருந்துதான் தொடங்குவான். இதையும் அப்படியே தொடங்கினான்.

"பெரிம்மா, அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? வண்டி பழசு. வாஷர் செத்துப்போயி தானா ஒழுகியிருக்கும்."

"நாப்பது வருசமா ஒழுகாத வண்டி அன்னிக்குத்தான் ஒழுகிச்சா? வாசல்ல ஒரு சொட்டு நான் பாத்ததில்ல. இவளுக்குப் பரிஞ்சு பேச உன்ன யாரு கூப்ட்டது?"

பாதி விலைக்குப் படியவில்லை. நாகப்பன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"தானா ஒழுகல. நான்தான் நட்ட லூஸ் பண்ணேன். வெலையக் கொறைக்க எல்லா வண்டிக்கும் பண்ணுவேன். பலராமன் விக்கலன்னு போனப்ப இறுக்கிக் குடுத்திருக்கணும். குடுக்கல. பெட்ரோல் ராத்திரி பூரா எறங்கிப் போச்சு."

தெருவில் ஒரு கம்பெனி பஸ் திரும்பிப் போனது. சரோஜா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவனைத் திட்டவில்லை. கேட்டது வேறு.

"அப்ப... அன்னிக்கு அவர பங்க்குக்குப் போவ வுட்டிருந்தா?"

நாகப்பன் மனசு, கேட்காமலே கணக்குப் போடுகிற மனசு. விநாடிக்கு ஒரு சொட்டு. மத்தியானத்திலிருந்து விடியற்காலை வரை இரண்டரை லிட்டர். காக் ரிசர்வில் திரும்பியிருந்ததை அவன் அன்றே பார்த்திருந்தான்; டேங்கில் இருந்தது அதற்குத்தான் சரி. டேங்கை நிரப்பியிருந்தால் அவன் கம்பெனிக்குப் போய், வேலை பார்த்து, வீடு திரும்பியிருப்பான்.

"ஃபுல் டேங்க் போட்டிருந்தாலும் விடியறதுக்குள்ள காலிம்மா" என்றான் நாகப்பன். "நீ போவச் சொல்லியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்."

எத்தனையோ பொய் சொல்லி வண்டி வாங்கியவன். இந்தப் பொய்யில் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. அதனாலோ என்னவோ சொல்லி முடித்ததும் அவன் கண் தானாகக் கிண்ணத்துக்குப் போனது.

கிழவி எழுந்து வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் சேர்ந்தது ஒரு டம்ளர்கூட இல்லை. அந்த டேங்க் எவ்வளவு பிடிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். புருஷன் காலத்திலிருந்து வீட்டில் நிற்கிற வண்டி. அவள் நாகப்பன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மருமகளிடம் திரும்பினாள்.

"ஆமாண்டி" என்றாள். "காலியாத்தான் ஆயிருக்கும்."

சரோஜா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. இத்தனை நாள் தன்னை நினைத்து அழுதவள், இப்போதுதான் பலராமன் பெயரைச் சொல்லி அழுதாள். கிழவி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள்.

நாகப்பன் நட்டை இறுக்கக் கையை நீட்டினான்.

"கைய எடு" என்றாள் கிழவி, தலையைத் தூக்காமல். "வேற ஆளு வச்சிப் பாத்துக்கறோம்."

அவன் கையை எடுத்தான். சொட்டு கிண்ணத்தில் விழுந்துகொண்டே இருந்தது.