மஞ்சள் புள்ளி குரோட்டன்

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? புதுசா ஒரு எலை விட்டிருக்கு. இன்னும் விரியல. சுருட்டுன பாய் மாதிரி நிக்குது."

"புள்ளி இருக்கா?"

"விரிஞ்சாத்தானடி புள்ளி தெரியும். பொறக்கும்போதே பொட்டு வச்சுக்கிட்டா வரும்?"

"ஒங்க மக வந்தாளே, காதுக்குப் பின்னால மச்சத்தோட."

சுதர்ஷினி சிரித்தாள். அவள் கணவன் புவனேந்திரன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தங்கள் வரிசை வீட்டு வாசலில் குனிந்து, சோப்பு போட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். டவுன் குப்பையை டிராக்டரில் ஏற்றி வந்து மலையில் கொட்டுவது அவன் வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை போவதில்லை.

மாலையானால் அவள் இதைத்தான் கேட்பாள். அவனும் சொல்வான். அதன் பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

டிலுக்ஷி அவர்களுடைய ஒரே மகள். ஆறு வயதில், ஒரு காய்ச்சலில் போனவள். தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்குகிற மேட்டில் இருந்த மயானத்தில் அவளைப் புதைத்தார்கள். தோட்டத்து மண்ணில் சிமெந்து வைத்துக் கல்லறை கட்ட லயத்து ஆட்களுக்கு அனுமதி இல்லை. அதனால் தலைமாட்டில் ஒரு குரோட்டன் குச்சியை நட்டுவிடுவார்கள். மலை முழுவதும் ஒரே பச்சையாக இருக்க, அங்கே மட்டும் சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாக, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல இறந்தவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். நிறத்தை வைத்துத்தான் அவரவர் தம்முடையவரிடம் போவார்கள். டிலுக்ஷிக்கு மஞ்சள் புள்ளி.

பன்றி வந்து கிளறுகிறது, மயானத்துக்கு ஒரு வேலி போட்டுத் தாருங்கள் என்று தோட்டத்து ஆட்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள், இடத்தைப் பார்க்கப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பெரிய ஆட்கள் வந்தால் தோட்டம் செய்வது ஒன்றுதான்: ஊர் கூடித் துப்புரவு செய்யும் சிரமதானம். வீட்டுக்கு ஒருவர் மம்பட்டியோடு ஏறினார்கள். புல்லைச் செதுக்கினார்கள். அமுங்கிப் போயிருந்த மண்மேடுகளை இழுத்துச் சமமாக்கினார்கள். தாறுமாறாக வளர்ந்திருந்த குரோட்டன்களை அடியோடு வெட்டி எரித்தார்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கைகள் அவை. வெட்டியது மறுபடி துளிர்க்கும் என்பதில் அந்தக் கைகளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கடைசியில் தோரணமும் கட்டினார்கள். வந்தவர்கள் நல்ல கோப்பைகளில் தேநீர் குடித்தார்கள். நான்கு பக்கமும் பார்த்தார்கள். "பொஹொம ஹொந்தாய்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். மிகவும் நல்ல இடம்தான். அவர்கள் கண்ணுக்கு அது ஒரு சுத்தமான வெறுங்காணி.

கேட்ட வேலி வந்தது. கேட்காத இரும்புக் கேட்டும் பூட்டும் வந்தன. பிறகு குப்பை வந்தது.

லயத்து ஆட்கள் பாதையில் உட்கார்ந்து மறித்தார்கள். வரைபடத்தில் மயானம் என்று எதுவும் இல்லை என்று பதில் கிடைத்தது. டிராக்டர் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்றதும் புவனேந்திரன் போய்ச் சேர்ந்தான். லயமே அவனை ஏசியது. சுதர்ஷினியிடம் மட்டும் சொன்னான்: "வெளியாளு கண்ண மூடிக்கிட்டு கொட்டிட்டுப் போவான். நான்னா புள்ள பக்கம் கொட்ட மாட்டேன்." சொன்னபடியே செய்தான். வெட்டிய அடியில் துளிர் வந்ததை அவன்தான் முதலில் பார்த்தான். கேட்டைத் தாண்ட அவளுக்கு அனுமதி இல்லாததால், அவன் கண்ணாலேயே அவளும் பார்த்தாள்.

மழை பெய்தால் மேட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் தேயிலை வழியே இறங்கி, லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் கலந்தது. தேநீர் போட்டால் மேலே எண்ணெய் மினுங்கியது. கொழுந்து எடுக்கப் போனால் விரலில் முதலில் அகப்பட்டது பொலித்தீன். சோற்றுப் பெட்டியைத் திறக்கும் முன்பே ஈ வந்து உட்கார்ந்தது. "நமக்கு முன்னாடி அதுக்குப் பரிமாறு, விருந்தாளிடி" என்பாள், கூடக் கொழுந்து எடுக்கும் இராக்கம்மா.

அந்த இராக்கம்மாதான், புது இலைப் பேச்சுக்கு மறுநாள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்டாள்: "அடியே, ஒம் புருசன் ஒண்ணும் சொல்லலையா? மேல மண்ணு தள்ளுற பெக்கோ மிசினு ஏறிருச்சு. எல்லாத்தையும் தள்ளி மட்டமாக்கப் போறாங்களாம்."

சுதர்ஷினி சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஏறினாள். கேட் திறந்து கிடந்தது. மூக்கில் லேஞ்சியைப் பொத்திக்கொண்டு நின்ற மேற்பார்வையாளர் சிவராசா, யாழ்ப்பாணத்துக்காரர், கையை நீட்டி மறித்தார்.

"அம்மா, இஞ்ச வரேலாது. வெளியில நில்லுங்கோ."

"ஐயா, எம் புள்ள உள்ள இருக்குங்க."

அவர் பதறிச் சுற்றும் முற்றும் பார்த்தார். "எங்க? இதுக்குள்ள ஏன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"கூட்டிட்டு வரலைங்க. நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாலயே இங்கதான் இருக்கு."

லேஞ்சி மெல்லக் கீழே இறங்கியது. பெக்கோக்காரனைப் பார்த்துக் கையசைத்தார். இயந்திரம் நின்று உறுமியது.

"வேலையை நிப்பாட்ட எனக்கு அதிகாரம் இல்லை அம்மா. ஆனா இடத்தைக் காட்டுங்கோ. அந்தத் துண்டை விட்டுட்டுத் தள்ளச் சொல்லுறன். கேட்டால் நான் பதில் சொல்லுறன்."

அவள் முகம் விரிந்தது. "அவருக்குத் தெரியுங்க. தெனம் பாக்குறாரு. நேத்துகூட புது எலை விட்டிருக்குன்னாரு. இந்தா, அவரே நிக்கிறாரு."

புவனேந்திரன் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து நின்றான். நேற்றே அவனுக்குப் பெக்கோ வருவது தெரியும். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொன்னால் இடத்தைக் காட்ட வேண்டியிருக்கும். போன கார்த்திகை மழையில், ஓர் இரவு, குப்பைக் குவியல் சரிந்து டிலுக்ஷி இருந்த சரிவு முழுவதையும் மூடியிருந்தது. விடிந்ததும் வெறுங்கையால் தோண்டிப் பார்த்தான். துளிரும் இல்லை, அடியும் இல்லை. அன்று மாலை அவள் வழக்கம்போல "அப்புறம்?" என்றாள். "ஒரு எலை விட்டிருக்கு" என்றான். அன்றிலிருந்து அந்தச் செடி அவன் வாயில்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

அவனுக்குக் காத்திராமல் அவள் சரிவில் இறங்கினாள். மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஓடினாள். பிஸ்கட் உறை. அதற்கப்பால் இன்னொரு மஞ்சள், ஷாம்பு பக்கற். வெலிமடைப் பக்கம் விளைந்த லீக்ஸ் தழைகள் அழுகிய சேற்றில் சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாக மலையே மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிறத்தைத் தேடி வந்தவளுக்கு முன்னால் உலகத்தில் உள்ள எல்லா நிறமும் கிடந்தது.

"தம்பி, காட்டுமன். பெக்கோவை எவ்வளவு நேரம் மறிக்கிறது?" என்றார் சிவராசா.

புவனேந்திரனின் கண் குவியலில் எங்கும் நிலைக்காமல் அலைந்தது. சுதர்ஷினி திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு ஏறி வந்து, கொழுந்துக் கறை படிந்த விரல்களால் அவன் கையைப் பிடித்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"சுருட்டுன பாய் மாதிரி நிக்குதுன்னீங்கள்ல. எங்கன்னு கையக் காட்டுங்க."

இயந்திரம் உறுமியது.

"குத்துமதிப்பாவாச்சும் காட்டுங்க."