சிவப்பு வயரும் ஜன்னலோர இடமும்

மருமகன் ஸ்பீக்கர் வயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்துத் தரையில் துப்பியபோது, மாமனாரான பஸ் கண்டக்டர் குடித்த டீ தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கத்திரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தது. அதைத் தொட்டால் கௌரவம் குறைந்துவிடும் போலிருக்கிறது. எச்சில் மினுங்கிய செம்புக் கம்பியை விரலால் முறுக்கி, அதே விரலால் மூக்கைத் தேய்த்து, அதே விரலை மாமனார் பக்கம் நீட்டிப் பாடமும் நடத்தினான்.

"நல்லா கேட்டுக்கங்க மாமா. சிவப்பு வயர் சிவப்புல, கறுப்பு கறுப்புல. ஒரு ஸ்பீக்கர் பெட்டில மட்டும் மாத்திக் குடுத்தா போச்சு. இது தள்ளும்போது அது இழுக்கும். நடுவுல உக்கார்றவனுக்கு பாட்டு சப்புன்னு இருக்கும்."

கண்டக்டர் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டேப்பைப் பிடித்து அளந்தான். இரண்டு பெட்டியும் கேட்பவரும் முக்கோணமாக அமையவேண்டுமாம். முக்கோணத்தின் முனை வீடெல்லாம் சுற்றி, கடைசியில் ஜன்னலோரம் கண்டக்டரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது.

"இதான் இடம்! இந்த நாற்காலிய எடுத்துடணும் மாமா."

கண்டக்டர் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார். வேலையில் இருந்தவரை உட்கார்ந்தே அறியாத மனிதர். நெரிசலில் நின்று நின்று, பணி ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வாரம் தூணைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். வாழ்க்கையில் அவருக்கென்று கிடைத்த ஒரே ஜன்னலோர சீட் அது. அதிலா இந்த எச்சில்வாயன் உட்காருவது?

மருமகன் குளிக்கப் போனான். அவன் குளித்து முடிப்பதற்குள் ஊர் டேங்கே காலியாகிவிடும், நேரத்துக்குப் பஞ்சமில்லை. கண்டக்டர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி முகத்தைச் சுளித்தபடி, இடது பெட்டியின் இரண்டு வயரையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். துண்டை நேராக அழுக்குக் கூடையில் போட்டார்.

பாட்டு போட்டார்கள். தாளம் செத்துக் கிடந்தது. பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து உதவி கேட்பதுபோல் பாடினார்.

"வயரைப் பாருங்களேன்," என்றாள் மகள்.

"வயரா? நான் மாட்டுனதுடி அது! உங்க வீட்டு ரூம்தான் சரியில்ல."

முட்டையிட இடம் தேடும் கோழியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு வீடு முழுக்க அலைந்தான். மேசைக்கு அடியில் புகுந்தான். பீரோவைக் கட்டிப்பிடித்தான். கடைசியில், ஒரு பெட்டி மட்டும் கிட்டத்தில் இருந்த பாத்ரூம் வாசலில் நின்று துள்ளினான். "கிடைச்சிடுச்சு! இங்கதான் சத்தம் நெஞ்சுல இடிக்குது!"

போய் அங்கேயே உட்காருடா மகராசா என்று கண்டக்டர் மனசுக்குள் விசிலடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்கள் ஒரு மெத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாய்ந்தால் சாய்வது, காலை நீட்டினால் தாங்குவது. மருமகன் அதைப் பாத்ரூம் வாசலில் போட்டு, தன் பனியனாலேயே துடைத்தான்.

"உங்களுக்குத்தான் மாமா. காலமெல்லாம் நின்னீங்க. இனி வீட்லயே நல்ல இடம் உங்களோடதுதான். ஜன்னலோரம் போடலாம்னுதான் முதல்ல நெனச்சேன். அங்க சத்தம் சரியில்லையே. உள்ள வாங்க, கொஞ்சம் உள்ள வாங்க."

பஸ்ஸில் ஊரையே பார்த்து அவர் சொன்ன வார்த்தை. அவரைப் பார்த்து ஒருவர் சொன்னது அன்றுதான். பழைய நாற்காலியை வந்த ஆட்களே தூக்கிப் போய்விட்டார்கள். கண்டக்டர் உட்கார்ந்தார். பினாயில் வாடை முதலில் வந்து வரவேற்றது. அவருக்குக் குமட்டியது. வாடையால் மட்டுமல்ல என்று தெரிந்தபோது இன்னும் குமட்டியது.

பெட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டிருந்த மகள் சட்டென்று நின்றாள். குனிந்து பார்த்தாள். அப்பாவிடம் வந்து காதோரம் கேட்டாள்.

"இடது பெட்டில சிவப்பு கறுப்புல இருக்கேப்பா. அவர் மாட்டுனது தப்பாதுன்னு சத்தியம் பண்றார். அழுக்குக் கூடைல கெடக்குற உங்க துண்டுல செம்புத் துணுக்கு ஒட்டியிருக்கு. நான் என்னன்னு சொல்றது அவர்ட்ட?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா," என்றார் கண்டக்டர், கண்ணை மூடிக்கொண்டு. "பாட்டு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப சரி."

மருமகன் பாத்ரூமுக்குள் நுழைந்தான். கதவு கண்டக்டரின் முழங்காலில் இடித்தது. உள்ளே ஒரு டேங்கு காலியாகத் தொடங்கியது. மகள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, சமையற்கட்டு முக்காலியை இழுத்துப்போய் ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வெயில் முகத்தில் விழ, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, ஒரு நிறுத்தம்கூட விடாமல் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.