அடிக்கட்டை தனி

போனில் இருந்தவர், வெட்டிய மரத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுவீர்களா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வாசலில் நின்ற என் கணவர், "எடுத்துட்டுப் போய் நாம என்ன கப்பலா கட்டப்போறோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனைக் கையால் மூடிக்கொண்டு அவரை முறைத்தேன். அவர் ஒரு கையில் உறையை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அது என் மேசைக்கு அடியில், பூனை படுக்கும் சாக்கின் மேல் கிடந்தது. பூனையை நகர்த்தி அதை எடுத்துக்கொண்டார். போனில் இருப்பவர் அடுத்து என்ன கேட்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வேரையும் சேர்த்துத்தானே எடுப்பீர்கள் என்பார்.

"அடிக்கட்டை தனின்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

எங்கள் கம்பெனி என்பது மூன்று பேர். அவர் மரம் ஏறுவார். அவருடைய தம்பி கீழே நின்று கயிறு பிடிப்பான். நான் கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு போன் எடுப்பேன். கொட்டகைக்கு வெளியே கிளைகளை அரைக்கும் மிஷின் நிற்கும். அதைச் சுற்றி எப்போதும் மரத்தூள் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் அந்த வாசனை வீட்டுக்குள் படுக்கை வரை வரும்.

மரம் வைத்திருப்பவர்களுக்கு இருக்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். வெட்டினால் திரும்ப வளருமா என்பார்கள்; வளர வேண்டும் என்று ஒருவர், வளர்ந்து தொலைக்கக்கூடாது என்று இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரனின் மரம், கிளை மட்டும் எங்கள் பக்கம் வருகிறது, அவனுக்குத் தெரியாமல் வெட்டித் தருவீர்களா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். மரத்தில் கூடு இருந்தால் என்ன செய்வீர்கள் என்பார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதா, எங்கள் ஓட்டுக்கு ஒன்றும் ஆகாதே என்பார்கள். உச்சியை மொட்டையடித்துக் கொடுங்கள், நிழல் மட்டும் இருக்கட்டும் என்று ஒருவர் வருஷம் தவறாமல் கேட்பார். அவரை முடிவெட்டுகிற கடைக்குப் போகச் சொல்லு என்பார் என் கணவர். நான் அதை மாற்றி, உச்சியை வெட்டினால் புதிதாக வரும் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது, காற்றில் ஒடிந்துவிடும், உங்களுக்குத்தான் ஆபத்து என்று பொறுமையாகச் சொல்வேன். அந்தப் பொறுமைதான் என் வேலை.

பதிலுக்கு நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மரத்தில் ஆணி, கொக்கி, ஊஞ்சல் மாட்டிய வளையம், துணிக்கொடி கட்டிய கம்பி, இரும்பு என்று ஏதாவது இருக்கிறதா? சிலர் எதற்கு என்பார்கள். மிஷின் ரம்பம் இரும்பில் பட்டால் துள்ளித் திரும்பும் என்று சொல்வேன். அடித்த ஆணி சில வருஷம் வெளியே தெரியும். அதன் பிறகு பட்டை அதன் மேல் வளர்ந்து மூடிவிடும். ஒருமுறை ஒரு கிளைக்குள் திறக்காத பூட்டு ஒன்று முழுசாக இருந்தது. சாவியை எந்த மரத்தில் தேடுவது என்று அண்ணனும் தம்பியும் அன்று முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடி வீட்டம்மாவிடமும் அதைக் கேட்டேன். முன்புறம் முழுவதும் கண்ணாடி வைத்த வீடு என்பதால் அவரை நாங்கள் அப்படிக் குறிப்பிட்டோம். கேட்டவுடன் இல்லை என்று சொல்லிவிடும் ரகம் இல்லை அவர். இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனோடு தோட்டத்துக்கு நடந்தார். கூழாங்கல்லின் மேல் அவருடைய செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஒண்ணும் இல்லம்மா, நல்லா பார்த்துட்டேன்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. அவர் பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அந்த மரம் மாடி உயரத்துக்கு மேல் இரண்டு தண்டாகப் பிரிந்திருந்தது. அதில் ஒன்று கூரையின் மேல் சாய்ந்து கொண்டிருந்தது. அந்த வீட்டில் எப்போதோ குடியிருந்த யாரோ, தண்டுகள் பிரியும் கவை காற்றில் பிளந்துவிடக்கூடாது என்று இரண்டு தண்டையும் துளைத்து ஓர் இரும்புத் தடியைச் செருகி முடுக்கியிருக்கிறார். மரம் பிழைக்க வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார். நாளாக நாளாகக் கவையின் இடுக்கு ஒட்டி மூடிக்கொண்டது. தடியின் இரண்டு முனைகளையும் பட்டை மறைத்துவிட்டது. அன்று சாய்ந்த தண்டை மேலிருந்து துண்டு துண்டாக இறக்கிக்கொண்டே வந்த என் கணவர், கடைசித் துண்டுக்குக் கவையின் பக்கம் வந்தார். ரம்பம் இரும்பில் பட்டு, துள்ளி அவர் கழுத்துக்கு வந்தது. இதற்கு மேல் அதை நான் எழுதப்போவதில்லை.

அன்று மாலை கொழுந்தன் கொட்டகைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். அதற்குள் எனக்கு எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. அவன் கைகளைத் தொடையின் மேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணனை மெதுவாத்தான் இறக்கினேன் அண்ணி" என்றான். "எங்கயும் இடிக்க விடல."

விசாரிக்க வந்தவர்கள் நல்ல மாதிரியாகத்தான் நடந்துகொண்டார்கள். என்னையும் அந்தத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். ஏணியில் நின்று ஓர் அதிகாரி விளக்கடித்துக் காட்டினார். அறுத்த இடத்தின் நடுவில், கறுத்த மரத்துக்குள், கட்டைவிரல் பருமனில் இரும்பு தெரிந்தது. விபத்து என்று எழுதினார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சில நாள் பூனையைத் திட்டினேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு கண்ணாடி வீட்டம்மா போன் செய்தார். வெகுநேரம் என் உடம்பைப் பற்றியே விசாரித்தார். அவருக்கு வேறெதோ கேட்க வேண்டியிருக்கிறது என்று புரிந்தது. பாதி அறுபட்ட தண்டு அப்படியே நிற்கிறது. அதற்கு நேர் கீழே இருக்கும் அறையில்தான் எழுந்து நடக்க முடியாத அவருடைய கணவர் படுத்திருந்தார். இப்போது அவரைக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காற்று அடித்தால் தண்டு முனகுகிறது. கடைசியில் கேட்டுவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மீதி வேலையை யாரு முடிப்பாங்க?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கொழுந்தன் கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் ஏறறேன்" என்றான்.

"உனக்கு ஏறத் தெரியுமா?"

"பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்."

"நானும்தான் போன் எடுத்துக்கிட்டே இருந்தேன். என்னையும் ஏறச் சொல்றியா?"

அவன் சிரிக்கவில்லை. அண்ணன் பாதியில் விட்ட வேலை, வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்றான். நான் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அவன் எனக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவன். என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். ஒரு நாளும் என் பேச்சைத் தட்டியதில்லை. அன்று, சரி அண்ணி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அவன் மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். மடியில் என் கணவர் மரம் ஏறும்போது கட்டும் இடுப்பு பெல்ட். இவன் ஒல்லி, அண்ணனின் பெல்ட் இவனுக்குத் தொளதொளவென்று இருக்கும். ஆணியும் சுத்தியலும் வைத்து அதில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். போட்டு முடித்து, எழுந்து, மாட்டி இழுத்துப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஊரில் இந்தத் தொழில் செய்யும் இன்னொருவர் இருந்தார். ஆட்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சட்டை, பளபளக்கும் வண்டிகள், சொந்த கிரேன். சட்டையில் ஒரு கறை இல்லாமல் வேலைக்கு வருவதால் என் கணவர் அவருக்கு வைத்த பெயர் புதுமாப்பிள்ளை. அவர் இவருக்கு வைத்த பெயர் அணில். எங்காவது எதிர்ப்பட்டால் இவர் வண்டியை நிறுத்தி, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்பார். அவர், கொட்டை பொறுக்க நேரமாகவில்லையா என்பார். அதற்கு மேல் பழக்கம் இல்லை. நான் அவரிடம் பேசியதே இல்லை.

அவர் போனை எடுத்ததும் நான் யாரென்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மரம் வெட்ட வேண்டும் என்றேன். சொல்லுங்கம்மா என்றார். அதன் பிறகு நான் கேட்டதெல்லாம், என்னிடம் எல்லோரும் கேட்டவை. உங்கள் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா? ஏறப்போவது யார், எத்தனை நாள் பழக்கம்? ஒரு கயிறா, இரண்டா? கீழே நிற்பவர் என்ன செய்துகொண்டிருப்பார்? காற்று அடித்தால் இறங்கிவிடுவார்களா? ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். அந்த நிதானம் எனக்குப் பழக்கமானது. இதே பதில்களை இதே குரலில் நான் சொல்லியிருக்கிறேன். கேட்பவர் போனை இப்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியதில்லை.

மரத்தின் நிலைமையைக் கேட்டார். பாதி அறுத்த தண்டு, கூரை மேல் சாய்ந்திருக்கிறது என்றேன். பிறகு அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"மரத்துல ஆணி, கம்பி, இரும்பு ஏதாவது இருக்காம்மா?"

"இருக்கு" என்றேன். "கவைக்குக் கொஞ்சம் மேல. தடி மாதிரி. ரெண்டு தண்டையும் துளைச்சுப் போகுது."

"நீங்களே பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அணில் வீடா?"

"ஆமாங்க."

"யாரையும் ஏறவிட மாட்டேன்" என்றார். "கிரேன்ல கட்டி, கவையை முழுசா தூக்கிடறேன். நாளைக்கே வரேன். அந்தத் தம்பியை மட்டும் பிடிச்சு வெச்சுக்கங்க."

கொழுந்தனிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்துப்போயிற்று. இன்னும் பெல்ட்டைக் கழற்றவில்லை.

"அந்த மாப்பிள்ளைகிட்டயா கேட்டீங்க? அண்ணன் இருந்தா இப்படி..."

"அண்ணன் இல்ல" என்றேன்.

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் பெல்ட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். மெதுவாக, சத்தமில்லாமல் மாட்டினான்.

மறுநாள் அவன் போகாமல் இருப்பான் என்று நான் நினைக்கவில்லை, கூடவே போனேன். வேலிக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றான். தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. கிரேன் கவையைத் தூக்கியபோது கண்ணாடி முழுவதும் அதன் நிழல் நகர்ந்து போனது. புதுமாப்பிள்ளை அதைப் புல்லின் மேல் இறக்கிவைத்துவிட்டு வேலி வரை வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, ஒரு பக்கம் முழுக்கக் கிரீஸ். கொழுந்தன் அந்தக் கவையைக் கேட்டான். அவர் ஒன்றும் கேட்காமல் எங்கள் வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் முழுவதும் அவன் அதைக் கோடரியால் பிளந்தான். நான் தடுக்கவில்லை. தடி வெளியே வந்தபோது அதில் துரு கூட அவ்வளவாக இல்லை. அதை வேலியோரமாகப் போட்டுவிட்டுக் கைகால் கழுவி, வைத்ததைச் சாப்பிட்டான். அந்த வாரமே வேறு ஊரில் ஒரு குடோனில் வேலைக்குப் போய்விட்டான். பெட்டிகளை அடுக்கும் வேலை, எல்லாம் தரையில். போன் செய்கிறான். சாப்பிட்டீங்களா அண்ணி என்று கேட்கிறான். சாப்பிட்டேன் என்கிறேன். அவனும் சாப்பிட்டதாகச் சொல்கிறான். முன்பு போல ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுவதில்லை. நான் செய்ததை அவன் மன்னிக்கவில்லை. உயிரோடு இருந்து மன்னிக்காமல் இருக்கிறான்.

கம்பெனியை மூடிவிட்டேன். ஆனால் எங்கள் நம்பர் எங்கெங்கோ சுவர்களில் இன்னும் இருக்கிறது. போன் வருகிறது. இப்போது நாங்கள் செய்வதில்லை என்று புதுமாப்பிள்ளையின் நம்பரைக் கொடுக்கிறேன். கொடுத்த பிறகும் சிலர் வைப்பதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்று ஆரம்பிக்கிறார்கள். வெட்டினால் திரும்ப வளருமா, மரத்தை அவர்களே எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா என்கிறார்கள். பழைய குரலிலேயே பதில் சொல்கிறேன்.

கடைக்குப் போகும்போது கண்ணாடி வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கவைக்குக் கீழே மிஞ்சிய அடிமரத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மரத்தை முழுசாகவே எடுத்துவிட்டார்கள். அந்த அறையில் இப்போது நல்ல வெளிச்சம். அந்த அம்மாவின் கணவரை மறுபடி அங்கேயே படுக்க வைத்திருக்கிறார்கள். திரை விலகியிருந்தால் அவர் கால்கள் தெரியும். அடிக்கட்டை அப்படியே இருக்கிறது. அதை எடுப்பது தனி வேலை.