அழாத காட்சி

என் தம்பி தமிழ்வேந்தன் படம் எடுக்கிறான் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. முழுப் படம்கூட இல்லை. சென்னையில் அவன் படிக்கிற கல்லூரியில் ஒரு படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நிமிடம், தலைப்பு வருகிற வரைக்கும். அதற்குப் பிறகு கதை என்ன ஆகும் என்று யாரும் கேட்க மாட்டார்களாம். ஆரம்பித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போவது எங்கள் குடும்பத்து ஆண்களுக்குக் கைவந்த கலை. அவன் நன்றாகத்தான் செய்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் நைனா கங்காதரன் அந்தக் கலையில் அவனுக்கு மூத்தவர். கல்யாணம் செய்தார், இரண்டு பிள்ளைகளைப் பெற்றார், பிறகு ஆரம்பாக்கத்தில் சாந்தி என்ற பெண்ணோடு புதுக் குடித்தனம் வைத்துவிட்டார். சண்டை இல்லை, பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ளவும் இல்லை, சொல்லிக்கொண்டும் போகவில்லை. அம்மா கஸ்தூரி பழவேற்காட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, காட்டூர்ப் பக்கம் தெருத்தெருவாக விற்று எங்களை ஆளாக்கினாள். ஆனால் ஊரைப் பொறுத்தவரை அவள் இன்னும் கங்காதரன் பெண்டாட்டிதான். தினமும் முகம் கழுவி, அந்த மனுஷன் பேரால் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டுதான் கூடையைத் தூக்க வேண்டும். வைக்காமல் கிளம்பினால் தெருவில் நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள்.

நான் பொன்னேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். முறைத்துக்கொண்டு நின்ற சம்பந்திகளைப் பாட்டுப் போட்டுக் கொஞ்சிக் குலாவ வைத்திருக்கிறேன். தம்பி இதை ஒரு வேலையாகவே ஒத்துக்கொள்ள மாட்டான். "வித்யா அக்கா பண்றது சும்மா ஃபங்ஷன் வீடியோ" என்று நண்பர்களிடம் சொல்வான். ஆனால் அவனுடைய லேப்டாப்பில் இரண்டு காட்சியைச் சேர்த்தால் அது மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் அக்காவின் கம்ப்யூட்டர் மட்டும் வேண்டும்.

படத்தின் பெயர் 'துடுப்பின் துயரம்'. எங்கள் குப்பத்தில் துடுப்பே கிடையாது. கடலுக்கு எஞ்சின், ஏரிக்குக் கழி. அதைச் சொன்னேன். "சிம்பாலிக்கா புரிஞ்சிக்கக்கா" என்றான். கதை இதுதான். விடியலில் ஒரு மீனவப் பெண் ஏரிக்கரையில் புருஷனுக்காகக் காத்திருக்கிறாள். படகு ஆளில்லாமல் வருகிறது. அவள் பொட்டை அழித்துவிட்டுச் சேற்றில் விழுந்து கதறுகிறாள். உடனே தலைப்பு. பிறந்து வளர்ந்த இடத்தைப் பற்றி அவனுக்குத் தோன்றிய ஒரே கதை, வெளியூர்க்காரன் பஸ்ஸில் வரும்போதே யோசித்து முடித்துவிடுகிற கதை.

கேமராவுக்கு ஜான்சன் என்று ஒரு வகுப்புத் தோழன் வந்தான். நல்ல பையன். சேற்றில் கால் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பான். முதல் நாள் முழுக்க இருவரும் பூநாரை தேடினார்கள். அவை எங்கோ தூரத்தில் நின்றன. கேமராவில் பார்த்தால் பிளாஸ்டிக் கவர் மிதப்பது போல இருந்தது. அப்புறம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி வராத பக்கமாகக் கேமராவைத் திருப்பித் திருப்பி வைத்தார்கள். சிமெண்ட் வீடு வரக்கூடாது, டிவி குடை வரக்கூடாது, பைக் வரக்கூடாது. மீனவன் ஏழையாக இருந்தால் போதாது, பார்க்க லட்சணமான ஏழையாகவும் இருக்க வேண்டும்.

நடிக்க வந்த கல்லூரிப் பெண் ஏரிச்சேற்றின் வாசனை பட்டதும் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டாள். தம்பி குப்பத்துப் பெண்களிடம் கேட்கப் போனான். அங்கேதான் அவன் படிப்பு பல்லிளித்தது. ஆண்கள் கடலுக்குப் போகிற வீட்டில் பொட்டை அழிக்கிறாயா என்று கேட்கலாமா? எங்கள் பக்கத்துப் பெண்கள் வெறும் நெற்றியோடு வாசலில்கூட வந்து நிற்க மாட்டார்கள். மீனவன் மகனுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். கையில் கேமரா வந்ததும் மறந்துவிட்டது போலிருக்கிறது. ஒருத்தி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவனைத் தெருமுனை வரை வழியனுப்பினாள்.

"நான் வரேன்டா" என்றாள் அம்மா.

நான் அவளைப் பார்த்தேன். மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "உனுக்கு பொட்ட அழிக்கணும், அவ்ளோதானே? நான் அழிக்கிறேன். ஆனா எல்லா போட்டும் கரைக்கு வந்தப்பறம் எடு. அடுத்தவ புருஷனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

தன்னுடைய புருஷனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி அதைக் கவனிக்கவும் இல்லை. அம்மா தன் கலைக்காகத் தியாகம் செய்கிறாள் என்று ஜான்சனிடம் கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

படகெல்லாம் கரையேறிய பிறகு, சாயங்காலம் எடுத்தார்கள். ஏரிக்குப் பின்னால் இறங்குகிற சூரியனைப் படத்தில் உதிக்கிற சூரியனாக மாற்றிக்கொள்ளலாம் என்றான் தம்பி. நான் வெளிச்சத்துக்குத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆளில்லாத படகை இரண்டு பேர் தண்ணீருக்குள் கயிறு விட்டு இழுத்தார்கள். அம்மா படகைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து நெற்றியைத் துடைத்தாள். சாப்பிட்ட இடத்தைத் துடைப்பது போல ஒரே இழுப்பு.

"அழும்மா" என்றான் தம்பி.

"எதுக்குடா?"

"புருஷன் செத்துட்டான்மா."

"சரி, செத்துட்டான். அப்பால?"

ஆறு தடவை எடுத்தான். ஒவ்வொரு தடவையும் நான் புதிதாகக் குங்குமம் வைத்துவிட வேண்டும், அவள் அழிக்க வேண்டும். கிளிசரின் ஊற்றியும் பார்த்தான். கண் சிவந்ததே தவிர முகம் அழவில்லை. சேற்றில் விழச் சொன்னால் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தடவைக்குத் தடவை அவள் முகத்தில் ஒரு தெளிவு கூடிக்கொண்டே போனது. பக்கத்தில் நின்ற எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. "அம்மாவுக்கு ஆக்டிங் வரலக்கா" என்று தம்பி என் காதில் சொன்னான். பெரிய மேதை.

எல்லாம் முடிந்ததும் மறுபடி வைத்துவிடலாம் என்று குங்குமச் சிமிழை எடுத்தேன். "வேணாம், போதும்" என்றாள். வெறும் நெற்றியோடு வீட்டுக்கு நடந்தாள். மறுநாளும் அப்படியே மீன் விற்கப் போனாள். அதற்கடுத்த நாளும். யாராவது நிறுத்திக் கேட்டால், "படத்துல அழிச்சேன், அப்பிடியே உட்டுட்டேன்" என்றாள். அந்த மனுஷனைச் சுமக்காமல் அவள் தெருவில் நடப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இது நிலைக்க வேண்டுமே என்று இருந்தது. ஊர் விடாது என்றும் தெரியும்.

தம்பி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தான். எல்லாக் காட்சியையும் மெதுவாக ஓடவிடச் சொன்னான். நண்டு நடப்பதையும் மெதுவாக ஓட்டினோம். அது செத்துவிட்டது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். வயலின் போட்டான். எல்லாவற்றையும் நீலமாக்கினான். எங்கள் ஏரி, வேட்டிக்கு நீலம் போட்ட வாளி மாதிரி ஆனது. நான் பொறுமையாக வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். படகு, கை, நெற்றி, ஏரி. உண்மையைச் சொன்னால், அம்மா அழாததாலேயே அது நன்றாக வந்திருந்தது. அவனுக்குப் போதவில்லை.

"அழுகை வேணும்க்கா. ஃபீலே இல்ல."

"அவ அழல. நான் இன்னா பண்றது?"

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். "வைஷ்ணவி கல்யாணத்துல அம்மா அழுதாங்களே. அந்த கிளிப் உங்கிட்ட கீதுல்ல?"

வைஷ்ணவி எங்கள் சித்தி மகள். அவள் கல்யாண வீடியோவை நான்தான் எடிட் செய்தேன். அன்றைக்கு நைனா சாந்தியை அழைத்துக்கொண்டு வந்து, பட்டு வேட்டி கட்டி முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். சாந்திக்குச் சந்தனம் கொடுத்து உபசாரம் நடந்தது. அம்மா பந்தி நடக்கிற இடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். கேமராக்காரன் விவஸ்தை இல்லாமல் அதையும் கிட்டப் போய் எடுத்து வைத்திருந்தான். கல்யாண வீடியோவில் நான் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் அவன் எடுத்துக் கொடுத்த ஃபைல்களோடு அதுவும் கம்ப்யூட்டரில் கிடந்தது.

"அத தொட்ட, கைய ஒடச்சிடுவேன்" என்றேன்.

"சும்மா கேட்டேன்க்கா" என்றான். பால் வடிகிற முகம். நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வேலையை முடித்து, லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு பழவேற்காடு பஸ் பிடித்துவிட்டான். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், பொட்டு அழிகிற இடத்துக்கு அடுத்து அம்மாவின் கல்யாண வீட்டு அழுகை உட்கார்ந்திருந்தது. போன் செய்தேன். அவன் எடுக்கவில்லை. கலைஞன் அல்லவா, அக்காவின் போனை எல்லாம் எடுத்துக்கொண்டிருப்பானா.

அதற்குள் செய்தி ஆரம்பாக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. நாங்கள் கஞ்சிக்கு இல்லாமல் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனுஷன், பெண்டாட்டி நெற்றி வெறுமையாக இருக்கிறது என்று கேட்டதும் ரயிலும் பஸ்ஸும் மாறி ஓடி வந்தார். அவருக்கு நெஞ்சு படபடக்கிறதாம், ராத்திரியில் தூக்கம் இல்லையாம், போட்டு எஞ்சின் கெட்டுப்போனதாம், எல்லாம் அந்தப் பொட்டால்தானாம். உயிர் மேல் அவ்வளவு ஆசை. பஞ்சாயத்தைக் கூட்டியே ஆக வேண்டும் என்று நின்றார்.

அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. அம்மாவுக்கு எதிரே ஒரு தட்டில் குங்குமம் வைத்திருந்தார்கள். ஊருக்குப் பெரியவர் சடையன். அவரை நாட்டார் என்றுதான் கூப்பிடுவோம். மோசமான மனுஷன் இல்லை. சட்டென்று முடித்துவிட்டு வலை வேலை பார்க்கப் போக வேண்டும், அவ்வளவுதான். "கஸ்தூரி, நடிப்புக்கு அழிச்ச. நடிப்பு முடிஞ்சிபோச்சி. எல்லார் முன்னாலயும் எடுத்து வச்சிக்கம்மா" என்றார்.

அம்மா தட்டைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"பாத்தீங்களா, எம் முன்னாலயே எப்பிடி குந்தினு கீறா" என்றார் நைனா. "நான் செத்தா போய்ட்டேன்? உசுரோட கீறவன சாவடிச்சிட்டா நாட்டாரே."

தம்பி லேப்டாப்போடு முன்னால் வந்தான். படத்தை மறுநாள் கல்லூரியில் கொடுக்க வேண்டும். அதற்குள் சமாதானம் ஆகிவிட்டால் அவனுக்கு நல்லது. "நைனா, கோவப்படாதீங்க. அம்மா உங்க மேல எவ்ளோ பாசம் வச்சிருக்காங்கனு இதுல பாருங்க" என்று திரையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பினான்.

வயலின் அழுதது. படகு ஆளில்லாமல் வந்தது. அம்மாவின் கை நெற்றியைத் துடைத்தது. அடுத்து அவள் முகம் மட்டும், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. எல்லாம் நீலமாக இருந்ததால் புடவை மாறியது தெரியவில்லை. நன்றாகவே ஒட்டியிருந்தான், அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். நைனா தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னுடைய சாவு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "எம்மேல உசுரு அவளுக்கு. எனக்கு தெரியும்" என்றார்.

"இவ்ளோ ஆசைய மனசுல வச்சிகினு இன்னாத்துக்கு வீம்பு?" என்று நாட்டார் தட்டை அம்மா பக்கம் நகர்த்தினார். "வச்சிக்க."

எனக்குப் பயமாகிவிட்டது. அவளுடைய அழுகையே அவளைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. இனி அவள் என்ன சொன்னாலும் வீம்பு என்றுதான் சொல்வார்கள்.

"இன்னொரு தபா போடு" என்றாள் அம்மா.

தம்பி ஆசையாகப் போட்டான். தன் படத்தை இரண்டாம் முறை கேட்கிற முதல் ரசிகை. அழுகிற இடம் வந்ததும் அம்மா விரலைத் திரையில் வைத்தாள். "இந்த கம்மலு வைஷ்ணவி கல்யாணத்துக்கு இரவல் வாங்கனது. ஏண்டி வித்யா, இது அங்க எடுத்ததுதானே?"

"ஆமாம்மா" என்றேன்.

தம்பி லேப்டாப்பை மூடப் போனான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள். எங்கள் பஞ்சாயத்தில் பெண்கள் கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். எழுந்து நின்று பேசுகிற பழக்கம் கிடையாது.

"அழுவுறது நான்தான் நாட்டாரே. பொய் இல்ல. ஆனா இந்தாளு செத்ததுக்கு அழுவல. இந்தாளு உசுரோட, அவள கூட்டியாந்து முன் வரிசையில குந்துனாரே, அதுக்கு அழுதது." குரல் உயரவில்லை. மீன் விலை சொல்கிற அதே குரல். "இந்தாளு செத்துட்டாருனு நெனச்சிக்க சொல்லி இவன் ஆறு தபா எடுத்தான். கண்ணுல மருந்துகூட ஊத்துனான். எனக்கு ஒரு சொட்டு வரல."

நைனா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். உச்சுக் கொட்டிய பெண்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

நாட்டார் குனிந்து குங்குமத் தட்டை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார். "போய் பொழப்ப பாருப்பா" என்றார். அதை அவர் நைனாவைப் பார்த்துச் சொன்னார்.