முச்சந்தியில் விழுந்த பட்டாணி

சுடலைமணியின் தலைக்குள் வால்வு திறக்கும் பட்டாணி வேலைக்கு வராமல் ஐந்து மாதம் ஆகிவிட்டது.

எல்லார் தலையிலும் ஒரு பட்டாணி உண்டு, பட்டாணி அளவுச் சுரப்பி. மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். உடம்பில் எந்தத் தெருவுக்கு எப்போது என்ன சுரக்க வேண்டும் என்று அதுதான் பார்த்துக்கொள்ளும். சுடலைமணியும் வெளியே அதே வேலைதான் பார்த்தார். நகராட்சியில் வால்வு ஆபரேட்டர். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊர் அது. அவர் தோளில் வால்வு திருகும் இரும்புச் சாவியைப் போட்டுக்கொண்டு நடந்தால் தெருவே குடத்தோடு எழுந்து நிற்கும்.

அவரை லாரி இடித்தது. தலையில் பலத்த அடி. இருபத்திரண்டு நாள் கண் திறக்கவில்லை. அப்புறம் திறந்தார். எலும்பு கூடியது, தையல் பிரித்தார்கள், டாக்டர் கை குலுக்கி "மறுபிறவி" என்றார். செண்பகவல்லி அழுதாள், சிரித்தாள், புருஷனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

வந்தவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான், எழவில்லை.

சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் கேட்டார். தாடி வளர்வது நின்றுபோனது. ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்தார். அதை அப்படியே பாத்ரூமில் விட்டுவிட்டு வந்து அடுத்த குடத்தைக் கேட்டார். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் இது சின்ன விஷயமா, நீங்களே சொல்லுங்கள்! அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். முன்பெல்லாம் அவள் தலையில் பூ வைத்தால் வேலையே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்கிற மனுஷன். இப்போது பூவையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஒன் வீட்டுக்காரருக்கு ஒடம்பு வளையல, வேறொண்ணுமில்ல," என்றாள் எதிர்வீட்டுப் பேச்சித்தாய்.

திங்கட்கிழமை நோட்டீஸ் வந்தது. நகராட்சி வழக்கமாக அனுப்புவதுதான். 'மேற்படி நபர் வெள்ளிக்கிழமைக்குள் தம்மை நோயாளி என நிரூபிக்கத் தவறினால் சோம்பேறி எனப் பதிவு செய்யப்படுவார். அவருக்குப் பதிலாக அதே பெயரில் வேறு ஆள் வழங்கப்படும்.'

செண்பகவல்லி நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். "வேற ஆள் எனக்கு எதுக்கு?" என்று நோட்டீஸிடமே கேட்டாள்.

மறுநாள் நகராட்சிக்குப் போனாள். அவள் பெருமூச்சு விடும்போதெல்லாம் அங்கே தாழ்வாரம் பத்தடி நீண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு நடந்து, 'காணாமல் போனவை' என்று எழுதியிருந்த கடைசி அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன காணோம்?"

"தெரியலம்மா. ஆளு வீட்டுல இருக்காவ. ஆனா இல்ல."

"அப்ப இதுதான்," என்று அந்த அம்மாள் ஒரு தீப்பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

திறந்தால் உள்ளே பட்டாணி. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நீ இங்க என்ன செய்யுத?" என்றாள் செண்பகவல்லி.

"நீதான வீசுன?"

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று புருஷனை வாசலில் நிறுத்தி, உப்பும் வத்தலும் சுற்றி, மூன்று தடவை துப்பச் சொல்லி, கொண்டுபோய் முச்சந்தியில் போட்டாள்.

"அவரு துப்புனப்ப உப்போட வந்து விழுந்துட்டேன். ஒன் பின்னாலேயே கத்துனேன். நீ திரும்பியே பாக்கல. குப்ப அள்ளுதவுகதான் என்ன இங்க கொண்டாந்து போட்டாவ."

"போட்டுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதுல்லா."

"மண்டையப் பாத்தாவ. தையலப் பாத்தாவ. காலு கையப் பாத்தாவ. எனக்கு அடிபட்டுச்சான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பாவி, ஐந்து மாதமாக அந்த மனுஷன் மேல் கோபப்பட்டாளே! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ரொம்ப வலிச்சுதா?"

பட்டாணி அவள் பக்கம் திரும்பியது. பிறகு, "இப்பப் பரவால்ல," என்றது.

"வீட்டுக்கு வாரியா?"

"வாரேன். ஆனா பழைய மாதிரி எல்லா வால்வையும் என்னால திருக முடியாது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அவருக்கு ரத்தம் எடுக்கச் சொல்லு. எது எது அடைச்சிருக்குன்னு தெரியும். அத டாக்டரு தார மருந்தக் கொடுத்து நீதான் தெறக்கணும். நேரம் தப்பக் கூடாது."

"எத்தன நாளைக்கு?"

"சிலது தானாச் சரியாகும். சிலது கடைசி வரைக்கும்."

"சரி," என்றாள். யோசிக்கவே இல்லை.

தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். முச்சந்தியில் நின்று நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். வேறு எதுவும் விட்டுப் போகவில்லை.

வீட்டில் சுடலைமணியின் மூக்குக்குப் பக்கத்தில் தீப்பெட்டியைத் திறந்து வைத்தாள். பட்டாணி முணுமுணுத்துக்கொண்டே ஏறிப் போனது. அவர் ஒரு தும்மல் போட்டார். புதன்கிழமை ரத்தம் எடுத்தார்கள். வியாழக்கிழமை மருந்து வந்தது. செண்பகவல்லி இரும்புச் சாவியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மணி பார்த்து, ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கூடவே புதுச் சுடலைமணியும் பையோடு வந்திருந்தார். நல்ல உடம்பு, அடர்ந்த தாடி. வந்ததும் வாசலைப் பெருக்கினார். செண்பகவல்லியைப் பார்த்து, "பூ நல்லா இருக்கு," என்றார்.

ஐந்து மாதமாக அவள் ஏங்கிய பேச்சு. வேறு வாயிலிருந்து வந்தது. அவள் பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டாள்.

ரத்த ரிப்போர்ட்டை நீட்டினாள். அதிகாரி வாங்கவில்லை.

"தாள்ல எல்லாருக்கும் நோய் இருக்கும்மா. ஆளைக் காட்டுங்க."

"ஏளா, தண்ணி," என்றார் உள்ளேயிருந்து பழைய சுடலைமணி.

அவள் வழக்கம்போலப் பெரிய சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதியில் நிறுத்தினார். சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். அவளிடம் நீட்டினார்.

"போதும்."

அந்த வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு ஐந்து மாதம் ஆயிற்று. சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். "மருந்துக்கு அடங்குதுன்னா நோய்தான்," என்று அதிகாரி நோட்டைத் திறந்து 'அதே ஆள்' என்று எழுதிக்கொண்டார். புதுச் சுடலைமணி மீதித் தண்ணீரைக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "அடுத்து எந்தத் தெரு சார்?" என்று கேட்டார்.

இருவரையும் அனுப்பிவிட்டு செண்பகவல்லி கதவைச் சாத்தினாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"பூவ ஏன் எடுத்துட்ட?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.